பதினோராவது இடம்

மார்ச் 4

விண்ணப்பதாரர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் விமானப் பராமரிப்பாளர் சங்கத்தின் தகுதிச் சான்றிதழ் கேட்டு நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது. விமானப்படையில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களின் பணிப் பதிவேடுகளைப் படித்துச் சரிபார்க்க இங்கே ஒரு தொண்டர் இருக்கிறார். சம்பளம் கிடையாது, சனிக்கிழமை மட்டும் வருவார். அந்தத் தொண்டர் நான்தான்.

கையெழுத்தைப் பார்த்ததுமே நான் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் விமானங்களை நிறுத்தும் ஹேங்கரில் உங்களுக்கு மேலே வாரண்ட் ஆபீசராக இருந்தவன். எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் ‘எண்ணு, எண்ணு’ என்று சொல்வதால் ‘எண்ணு சார்’ என்று முதுகுக்குப் பின்னால் எல்லாரும் கூப்பிட்டவன்.

விஷயம் இதுதான். உங்கள் பதிவேட்டில் ஒரு குறிப்பு இருக்கிறது: ‘கருவி ஒன்று தொலைந்தது. கவனக்குறைவு.’ இப்படி ஒரு குறிப்பு இருந்தால், அதை எழுதிய அதிகாரியிடமிருந்து விளக்கக் கடிதம் வாங்க வேண்டும் என்பது சங்க விதி. அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. கடைசி நாள் ஏப்ரல் 30. குறிப்பை எழுதியவன் நான் என்பதால் உங்கள் கோப்பை நானே சரிபார்ப்பது முறையல்ல. செயலாளர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் விளக்கக் கடிதம் என்னிடமிருந்துதான் வரவேண்டும்.

விண்ணப்பதாரர்களோடு தொலைபேசியில் பேசக்கூடாது என்று ஒரு விதி இருப்பதால் கடிதம் எழுதுகிறேன். நீங்கள் ஏதாவது சொல்வதாக இருந்தால் எழுதுங்கள். நலமா என்று கேட்க நினைத்தேன். அலுவலகக் கடிதத்தில் அதற்கு இடம் இல்லை.

இப்படிக்கு,
பதிவேடு சரிபார்க்கும் தொண்டர்


மார்ச் 11

மதிப்புக்குரிய தொண்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஹேங்கர் வாசலில் நின்றபடியே பிரித்தேன். இன்னும் முற்றுப்புள்ளியை ரிவிட் அடிப்பதுபோல் குத்தித்தான் வைக்கிறீர்கள். காகிதத்தின் பின்பக்கத்தைத் தடவினாலே தெரிகிறது.

ஏதாவது சொல்வதாக இருந்தால் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடமாக யாராவது கேட்பார்களா என்று இருந்தேன், ஆகவே எழுதுகிறேன்.

அன்று என் பொறுப்பில் இருந்த டூல் போர்டில் பதினெட்டுக் கருவிகள். வெள்ளைப் பலகை, ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் உருவம் கறுப்புப் பெயின்டில். எதையாவது எடுத்தால் கறுப்பு உருவம் தெரியும், எது இல்லை என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். காலையில் நீங்கள் எண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். நானும் பதினெட்டு என்று எண்ணித்தான் வாங்கினேன். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து எண்ணினால் பதினேழு. பதினோராவது இடம் காலி. குட்டை ஸ்க்ரூடிரைவர், கறுப்புப் பிடி.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதே மாதிரி ஒன்று கடையில் வாங்கி மாட்டியிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்காது. நானாகத்தான் உங்கள் மேஜைக்கு வந்து சொன்னேன். உடனே மூன்று பயிற்சி விமானங்களையும் தரையில் நிறுத்தினீர்கள், அது சரிதான். இரண்டு நாள் ஒவ்வொரு மூடியையும் கழற்றித் தேடினோம். ஆள் குட்டை என்பதால் வாலுக்குள் நுழைந்தது நான். அதற்காகத்தானே எனக்குப் ‘பூனை’ என்று பெயர் வைத்தீர்கள். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம், ஸ்க்ரூடிரைவர் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் என் பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினீர்கள். நானாக வந்து சொன்னேன் என்று ஒரு வரி எழுத உங்கள் பேனாவில் மை இல்லை. பிறகு என்னைக் கம்பளி ஸ்டோருக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் கம்பளி எண்ணினேன். ஒப்பந்தம் முடிந்தபோது, இன்னும் கொஞ்ச நாள் இரு என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது சின்ன விமானங்கள் வைத்திருக்கும் ஒரு பறக்கும் கிளப்பில் பத்து வருடமாக வேலை. என்ஜினைக் கழற்றுவதும் மாட்டுவதும் நான்தான். விமானம் பறக்கலாம் என்று புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் என்னைவிட எட்டு வயது சின்னவர். நல்ல மனிதர், பாவம். “அக்கா, எங்க போடணும்?” என்று என்னிடமே கேட்டுத்தான் போடுவார். அந்தக் கையெழுத்தை நானே போட உங்கள் சங்கத்தின் சான்றிதழ் வேண்டும். அதற்குத்தான் விண்ணப்பம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் எழுதியே பிரயோஜனமில்லை. அந்த ஸ்க்ரூடிரைவர் கிடைக்கவே இல்லை. ஆனால் மூன்று விமானங்களும் மறுபடி பறந்தன. மூன்றின் எண்களும் எனக்கு மனப்பாடம். எங்காவது ஒரு பயிற்சி விமானம் விழுந்தது என்று செய்தி வந்தால் முதலில் எண்ணைத்தான் தேடுவேன். அந்த ரகம் தலைக்கு மேலே போனால் கண்ணை எடுக்காமல் பார்ப்பேன். என் மகள் கேட்பாள், “அம்மா, யாரைத் தேடுற?” என்று.

விண்ணப்பப் படிவத்தில் ஏழாவது கேள்வி, பணியில் தவறு ஏதும் செய்ததுண்டா என்பது. எல்லாரும் ‘இல்லை’ என்று எழுதுவார்களாம். நான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு உங்கள் மனசுக்குத் தோன்றியதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்


மார்ச் 20

மதிப்புக்குரிய சகோதரிக்கு,

‘அன்புள்ள பூனைக்கு’ என்று ஆரம்பித்து அடித்துவிட்டு வேறு காகிதம் எடுத்தேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் மனைவி நாலாவது தடவை படித்தாள். படித்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய்விட்டாள். அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த புதிதில், சாப்பிட்டு முடித்ததும் ஸ்பூன்களை எண்ணுவேன். கை தானாகப் போகும். ஒருநாள் ஒரு டீஸ்பூன் குறைந்தது என்று குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். அவள் இடுப்பில் கை வைத்து நின்று சொன்னாள்: “ஒண்ணு, நீங்க எங்கயாவது வேலைக்குப் போங்க. இல்ல, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே முடிவாகணும்.” அப்படித்தான் சங்கத்துக்கு வந்தேன்.

முதலில் கூட்டத்துக்கு நாற்காலி போடும் வேலை கொடுத்தார்கள். பிறகு, படையின் பதிவேடுகளில் இருக்கும் சுருக்கெழுத்துகள் இங்கே யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்து அந்த மேஜையைக் கொடுத்தார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அது பிடித்துப்போயிற்று. இருபது வருடம் சீருடையில் இருந்துவிட்டு வருகிறவர்கள் அந்த ஜன்னலுக்கு முன்னால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பார்கள். அவர்களுடைய காகிதத்தைப் படித்து, ‘இவருக்கு இன்னது இன்னது தெரியும், இவரை நம்பி என்ஜினைக் கொடுக்கலாம்’ என்று வெளியுலகத்துக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு போகும்போது நடையே மாறியிருக்கும்.

உங்களுக்கும் அப்படி எழுதித்தர ஆசைதான். நீங்களாக வந்து சொன்னீர்கள் என்பதை விளக்கக் கடிதத்தில் கட்டாயம் எழுதுவேன். அன்றே எழுதியிருக்க வேண்டும். மேலதிகாரி பக்கத்தில் நின்றார், மூன்று விமானம் நின்றுபோன கோபம் அவருக்கு. எனக்கும் பயம். அதனால் எழுதவில்லை.

ஆனால் கவனக்குறைவு இல்லை என்று என்னால் எழுத முடியாது. காலையில் நான் எண்ணிக் கையெழுத்துப் போட்டபோது பதினெட்டு. சாயங்காலம் பதினேழு. இடையில் போர்டு உங்கள் கையில் இருந்தது. இதில் நான் வேறு என்ன எழுதுவேன், சொல்லுங்கள்.

உங்கள் நலம் விரும்பும்,
பழைய வாரண்ட் ஆபீசர்


மார்ச் 29

ஐயா,

உங்கள் நேர்மையை நினைத்தால் உடம்பெல்லாம் புல்லரிக்கிறது.

‘நானாக வந்து சொன்னேன், ஆனாலும் கவனக்குறைவுதான்’ என்று ஒரு கடிதத்தைச் சங்கத்தின் குழுவில் ஏழு பேர் உட்கார்ந்து படிக்க நான் விரும்பவில்லை. ஒருமுறை எழுதினதே போதும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகச் செயலாளருக்கு எழுதப்போகிறேன். பத்து வருடம் இன்னொருவர் கையெழுத்தில் ஓட்டியாயிற்று, மிச்சத்தையும் ஓட்டிவிடுவேன்.

உங்கள் மனைவியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த டீஸ்பூன் கிடைத்ததா?


ஏப்ரல் 8

சகோதரிக்கு,

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவேண்டாம். எழுதியிருந்தால் உடனே இன்னொரு கடிதம் போட்டு நிறுத்துங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 30ஆம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. ஏன் கேட்கிறேன் என்று இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் உங்கள் பதிலும் என் பதிலும் கலந்துவிடும். அன்று சாயங்காலம் பதினோராவது இடம் காலியாக இருப்பதைப் பார்த்தீர்களே, அந்த இடத்தில் பெயின்ட் எப்படி இருந்தது? மற்ற கருவிகளை எடுத்தபோது எப்படி இருந்தது? நினைவு இருப்பதை மட்டும் எழுதுங்கள். நினைவு இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள்.

டீஸ்பூன் ஊறுகாய் பாட்டிலுக்குள் இருந்தது.


ஏப்ரல் 13

ஐயா,

நல்ல கேள்வி கேட்டீர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய பெயின்டை யாராவது நினைவு வைத்திருப்பார்களா? நான் வைத்திருக்கிறேன். அந்த நாளில் எனக்கு மறந்துபோனது எதுவும் இல்லை.

போர்டு புதிதாகப் பெயின்ட் அடித்தது. யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை நீங்களே உட்கார்ந்து அடித்தீர்கள். வேறு யார் அடித்தாலும் கோடு நேராக வராது என்று சொன்னீர்கள். மழை நாள், மறுநாளும் பெயின்ட் முழுக்கக் காயவில்லை, அதற்குள்ளேயே கருவிகளை மாட்டியிருந்தீர்கள். மறுநாள் என் ஷிஃப்ட்டில் மூன்றாவது இடத்து ஸ்பானரையும் ஏழாவது இடத்துக் கட்டிங் பிளையரையும்தான் அதிகம் எடுத்தேன். இரண்டும் பலகையோடு ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வந்தன. முதுகுப்பக்கம் கறுப்பு அப்பியிருந்தது. துணியால் துடைத்துத் துடைத்து உங்களைத் திட்டினேன், மனசுக்குள்தான். பலகையிலும் அந்த இரண்டு இடத்தில் பெயின்ட் பொத்தல் பொத்தலாகப் போயிருந்தது.

பதினோராவது இடத்தை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். கண்ணை நம்பாமல் தொட்டேன். விரலில் கறுப்பு ஒட்டியது. ஆனால் அந்த இடம் வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. பொத்தல் இல்லை, கீறல் இல்லை. என் விரல் ரேகைதான் அதில் முதல் கறை.

எழுதிவிட்டேன். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது, தபால்பெட்டியில் போடவில்லை. இப்போது சொல்லுங்கள், ஏன் கேட்டீர்கள்?


ஏப்ரல் 18

அன்புள்ள பூனைக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

சங்கத்தில் செய்முறைத் தேர்வு அறை ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு டூல் போர்டு வேண்டும் என்று செயலாளர் அம்மா கேட்டார். நானே செய்து தருகிறேன் என்றேன். பலகை அறுத்து, வெள்ளை அடித்து, உருவங்கள் வரைந்து, இந்த மாதம் முதல் சனிக்கிழமை காலையில் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அவசரம், மத்தியானம் ஒரு குழு அறையைப் பார்க்க வருவதாக இருந்தது. அரைகுறையாகக் காய்ந்ததும் கருவிகளை மாட்டினேன். தள்ளி நின்று எண்ணினேன். பதினெட்டு. தாளில் கையெழுத்தும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் செயலாளர் அம்மா உள்ளே வந்தார். நாற்காலி ஒன்றில் ஸ்க்ரூ ஆடுகிறது என்று ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். “சார், இந்த எடத்துல ஒண்ணுமே இல்லையே. வெறும் பெயின்ட்டுதான் இருக்கு” என்றார்.

நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். ஈரம் காயாத கறுப்பு ஜன்னல் வெளிச்சத்தில் பளபளவென்று பிடி மாதிரியே மின்னியது. நான் எண்ணியது கருவியை இல்லை, பெயின்டை. மற்றக் கருவிகளை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. அந்த ஒரு இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. எதுவும் அதில் தொங்கியதே இல்லை.

ஸ்க்ரூடிரைவர் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. பெயின்ட் டப்பாவின் மூடிமேல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. காலையில் மூடியை நெம்பித் திறக்க என் கை தானாகப் போய் எடுத்தது அதைத்தான். குட்டையாக, தட்டை முனையோடு இருப்பது அது ஒன்றுதான். திறந்துவிட்டு மூடிமேலேயே வைத்துவிட்டேன். முப்பது வருடமாக எல்லாப் பெயின்ட் டப்பாவையும் நான் அப்படித்தான் திறக்கிறேன்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். செயலாளர் அம்மா பயந்துபோய் டீ வாங்கி வந்தார், குடிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நினைவுக்கு வந்தது. டப்பாவைத் திறந்தேன், அடித்தேன், மாட்டினேன். அதிகாரி கண்ணில் குப்பை படக்கூடாது என்று காலி டப்பா, மூடி, பிரஷ், பழைய செய்தித்தாள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினேன். மறுநாள் காலை தள்ளி நின்று எண்ணினேன்.

ஆனால் இதை நானே எனக்கு வசதியாகக் கற்பனை செய்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு மனசு எதை வேண்டுமானாலும் சோடிக்கும். அதனால்தான் காரணம் சொல்லாமல் உங்களைக் கேட்டேன். நீங்கள் ‘வழவழவென்று கண்ணாடி மாதிரி’ என்று எழுதிய வரியைப் படித்ததும் சந்தேகம் போய்விட்டது.

பூனை, நன்றாகக் கேட்டுக்கொள். உன் ஷிஃப்ட்டில் எந்தக் கருவியும் தொலையவில்லை. நீ வருவதற்கு முன்பே அது குப்பை வண்டியில் போய்விட்டது. அந்த மூன்று விமானங்களில் எதிலும் அது இல்லை. ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை.

விளக்கக் கடிதத்தை எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. பதிவேட்டைத் திருத்தச் சொல்லிப் பழைய அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன். தொண்டர் வேலையிலிருந்து என்னை விடுவிக்கும்படி ஒரு கடிதமும் கொடுத்தேன். கருவியை எண்ணத் தெரியாதவன் மற்றவர்களின் தகுதியை எப்படிச் சரிபார்ப்பது?

எண்ணு சார்


ஏப்ரல் 27

சார்,

உங்கள் கடிதத்தை ஹேங்கரில், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். ‘ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை’ என்ற இடத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒரு சத்தம் வந்துவிட்டது. கையெழுத்துப் போடுகிறவர் தண்ணீரோடு ஓடி வந்தார். “அக்கா, என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?” என்றார். “ஒண்ணும் ஆகல. யாருக்கும் ஒண்ணும் ஆகல” என்றேன். அதையே நாலைந்து தடவை சொன்னேன் போலிருக்கிறது. அவர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. ஒரு சக்கரத்தைக் கழற்றிக் கிரீஸ் போட்டு மாட்டினேன்.

முதலில் வந்தது நிம்மதி. கோபம் மறுநாள்தான் வந்தது. பெயின்ட் டப்பாவைத் திறக்க வீட்டிலிருந்து ஒரு பழைய ஸ்பூன் கொண்டுவந்திருக்கக்கூடாதா சார்? உங்களிடம்தான் எண்ணி வைத்த ஸ்பூன் அத்தனை இருக்கிறதே. கம்பளி ஸ்டோரில் இரண்டு வருடம் தும்மித் தும்மி என் மூக்கே போயிற்று. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதும் தும்மல்தான். அந்த மனிதர் அதற்குப் பிறகும் கட்டிக்கொண்டார் என்பது வேறு கதை.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு என்ன நினைப்பீர்களோ தெரியாது. ஆனால் உங்கள் கடிதத்துக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்று காலையில் நான் எண்ணவில்லை.

எண்ணினேன் என்று உங்களிடம் சொன்னேன். விசாரணையில் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இப்போது ஏழாவது கேள்விக்குப் பதிலாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உண்மை அதுவல்ல. பஸ் தாமதமானதால் அவசரமாக வந்தேன். தாளில் உங்கள் கையெழுத்து இருந்தது. எண்ணு சாரே எண்ணிவிட்டார், இதற்குமேல் நான் எண்ணி என்ன ஆகப்போகிறது என்று கீழே என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கிட்டே போய் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியிருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். விமானங்கள் நின்றிருக்காது. நீங்கள் எழுதிய ‘கவனக்குறைவு’ பொய் இல்லை சார். காரணம்தான் வேறு. அதனால்தானோ என்னவோ அந்த வார்த்தை எனக்கு இவ்வளவு வலித்தது.

உண்மையை எழுதித் திருத்திய பதிலை இதே தபாலில் செயலாளருக்கு அனுப்புகிறேன். சான்றிதழ் வராமல் போகலாம். வராவிட்டால் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வரவேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் பொய் எழுதி வாங்கினால் ஒவ்வொரு கையெழுத்திலும் அது நினைவுக்கு வரும்.

பூனை


மே 12

அன்புள்ள பூனைக்கு,

உன் திருத்திய பதில் வந்து சேர்ந்தது. கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்னால். சனிக்கிழமை குழு கூடியது. நம் இருவர் கடிதங்களையும் செயலாளர் அம்மா சத்தமாகப் படித்தார். நான் மூலையில் நின்றேன், உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை.

முதலில் என் விஷயம். தொண்டர் வேலையிலிருந்து விடுவிக்க மறுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு வருடத்துக்குப் பதிவேடு மேஜை கிடையாது. எந்தத் தாளிலும் தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது, பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும். “நாற்காலி போட ஆளில்ல சார், அதைப் பாத்துக்கிறீங்களா?” என்று கேட்டார் செயலாளர் அம்மா. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வந்தது. பகலில் நான் தூங்கியதே கிடையாது. நிறுத்தம் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

உன் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஒருவர் எழுந்து, பொய் எழுதிக் கொடுத்தவருக்குச் சான்றிதழ் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். வாதம் ஒரு மணி நேரம் நடந்தது. கடைசியில் ஒரு பெரியவர், லிஃப்ட் கம்பெனியில் முதலில் வேலை பார்த்தவர், ஒன்றே ஒன்று கேட்டார். “அந்தம்மா சொல்லலேன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?” தெரிந்திருக்காது. ஆகவே உனக்குச் செய்முறைத் தேர்வு எழுத அனுமதி. ஜூன் 14. அதில் தேறினால் சான்றிதழ்.

பழைய அலுவலகத்திலிருந்தும் பதில் வந்தது. குறிப்பை அழிக்க மாட்டார்களாம், அதற்குக் கீழே என் விளக்கத்தைச் சேர்த்துவிட்டார்களாம். நகல் இணைத்திருக்கிறேன்.

நான் உனக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் எல்லாவற்றையும் என் மனைவி நேற்று வரிசையாக வைத்துப் படித்தாள். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். “பெயின்ட்டப் பத்தி எழுதியிருக்கீங்க, டப்பாவப் பத்தி எழுதியிருக்கீங்க, குப்பை வண்டியப் பத்தி எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை எழுதினீங்களா?” என்று கேட்டாள்.

எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு, அம்மா. ஸ்க்ரூடிரைவர் நினைவுப் பிசகு. அதைவிடப் பெரியது, நீ நேராக வந்து சொன்னதை எழுதாமல் விட்டது. அதை மறதி என்று சொல்லமாட்டேன். தெரிந்தே விட்டேன்.

தேர்வன்று நான் அறைக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. நன்றாகச் செய்.

எண்ணு சார்


ஜூன் 30

சார்,

சான்றிதழ் நேற்றுத் தபாலில் வந்தது. உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், இருந்தாலும் நான் சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன். என் மகள் அதைச் சுவரில் மாட்ட ஆணி தேடினாள். அவள் அப்பா சுத்தியல் தேடினார். இரண்டும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் எதையும் யாரும் எண்ணி வைப்பதில்லை.

தேர்வன்று நடந்தது உங்களுக்குத் தெரியாது அல்லவா. செயலாளர் அம்மா போர்டைக் காட்டித் தாளை நீட்டினார். ‘பதினெட்டு’ என்று எழுதி உங்கள் கையெழுத்து, பக்கத்தில் அவருடையது. அதே குத்திய முற்றுப்புள்ளி. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போர்டுக்குக் கிட்டே போனேன். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, தூக்கிப் பார்த்து, திரும்ப மாட்டி எண்ணினேன். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பதினோராவதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். சாதாரண ஸ்க்ரூடிரைவர், உள்ளங்கை நீளம்கூட இல்லை. இதற்குத்தானா என்று இருந்தது. பதினெட்டும் இருந்தன. அதற்குப் பிறகுதான் உங்கள் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதைப் போட்டேன்.

வெளியே வந்தபோது கூடத்தில் நீங்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். முதுகுதான் தெரிந்தது. முடி இவ்வளவு கொட்டிப்போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள், காது ஆடியது. கூப்பிட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அல்லது கம்பளியைப் பற்றி ஆரம்பித்திருப்பேன். அதனால் சத்தமில்லாமல் வந்துவிட்டேன். பூனைதானே.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தால் கை எழுத மறுக்கிறது. இரண்டு வருடக் கம்பளி சார், கொஞ்சம் பொறுங்கள். ஆனால் உங்கள் மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்தாலும் முன்போல் வரவில்லை. இதை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள், அவர் எனக்காக ஒரு வாக்கியம் கண்டுபிடித்துத் தருவார்.

இன்னொரு செய்தி. பதிவேடு மேஜை காலியாக இருக்கிறது, படைக் காகிதம் படிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை, மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை வரமுடியுமா என்று செயலாளர் அம்மா எழுதிக் கேட்டிருக்கிறார். ரயிலில் மூன்று மணி நேரம், சம்பளம் கிடையாது என்று வீட்டில் சொன்னேன். “உனக்கு எழுதிக் கொடுத்த மாதிரி நீயும் நாலு பேருக்கு எழுதிக் கொடு, போ” என்றார் என் வீட்டுக்காரர். வருகிற சனிக்கிழமை வருகிறேன். எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள், ஆடாததாக.

இன்று காலை ஒரு சின்ன விமானத்துக்கு டயர் மாற்றினேன். புத்தகத்தைத் திறந்து கையில் பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போடுகிறவர், இனிமேல் அவரை எப்படிக் கூப்பிடுவதோ, பக்கத்தில் வந்து நின்றார். “அக்கா, எங்க போடணும்னு நான் சொல்லட்டுமா?” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். போட்டேன். கொஞ்சம் கோணலாக வந்தது, அடுத்தது நேராக வரும்.

பிறகு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தோம். அவர் தன் மாமியாரோடு நடந்த சண்டை ஒன்றை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்திவிட்டு, “என்னக்கா, இன்னைக்கு அண்ணாந்து பாக்கவே இல்ல?” என்றார். எதை என்று கேட்டேன். பயிற்சி விமானம் ஒன்று இப்போதுதான் நம் தலைக்கு மேலே போயிற்று என்றார். நான் கவனிக்கவே இல்லை.

பூனை